முதல் பீரங்கி முழங்குமுன்: நெப்போலியன் காலக் கணினிப் போர் விளையாட்டில் விதியும் களமும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் கோயம்புத்தூர் நண்பர் ஒருவருக்கும் நடந்த வாட்டர்லூ ஆட்டம் பிற்பகல் இரண்டேகால் மணிச் சுற்றோடு நின்றுபோனது. நிறுத்தியது 90 குதிரைகள் கொண்ட ஒரு சின்னப் பிரிவு. நண்பர் பிரெஞ்சுத் தரப்பு, நான் வெலிங்டன் தரப்பு. அந்த 90 குதிரைகள் என் இடது கோடியில் இருந்த பாப்லாட் பண்ணையைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வந்து, மேட்டுச்சரிவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வெடிமருந்து வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தன. மூன்று சுற்றில் ஐந்து வண்டி. அதற்குப் பிறகு என் பீரங்கிகள் இருந்தும் பயனில்லை.

மறுநாள் தொலைபேசியில் கேட்டேன்: "தளபதி கண்ணுக்கு எட்டாத தூரத்துல, யாரோட ஆணையும் இல்லாம, எதிரி முதுகுக்குப் பின்னாடி ஒரு மணி நேரம் இப்படித் திரிய அந்தக் காலத்துல எவனுக்குத் துணிச்சல் வந்திருக்கும்?" அவர் சொன்னார்: "ஆட்டம் விடுதே சார். தப்புன்னா புரோகிராமே தடுத்திருக்கும்ல?" அவர் ஏமாற்றவில்லை; நானும் தோல்விக்குச் சாக்குத் தேடவில்லை. ஆளுக்கொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்தது. கணினி எதையெல்லாம் விடுகிறதோ அதையெல்லாம் செய்யலாம் என்பது அவருடைய ஆட்டம். 1815 ஜூன் 18 அன்று ஒரு தளபதி எதைச் செய்திருக்க முடியுமோ அது மட்டும்தான் என்பது என்னுடையது. ஆட்டத்துக்கு முன் நாங்கள் பேசிக்கொண்டது இரண்டே விஷயம்: யார் எந்தத் தரப்பு, வாரத்துக்கு எத்தனை சுற்று. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள்கூட ஸ்டம்ப் நடுவதற்கு முன்பே "சுவர் தாண்டினா அவுட், ஒரு பிட்ச் கேட்ச் உண்டு" என்று பேசி முடித்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பேச்சு வைத்துக்கொண்டேன். எதைப் பேச வேண்டும், எதை விட்டுவிடலாம், பேசியும் பயனில்லாதது எது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

இந்த விளையாட்டு இன்றைய வடிவில் பிறந்தபோதே அதில் நடுவர் இருந்தார். 1780இல் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, காடு என்று நிறம் கொடுத்துப் போர் விளையாட்டாக்கினார். 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு, நிலத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையை ரைஸ்விட்ஸ் பிரபு செய்து கொடுத்தார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் வெளியிட்ட விதிநூல்தான் இன்றைய எல்லாப் போர் விளையாட்டுக்கும் மூலம். மேசை போய் நில வரைபடம் வந்தது. கூடவே பகடையும் அட்டவணையும் வந்தன. இரு தரப்பும் காய்களைத் தொடுவதில்லை. ஆணையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். அவர் காய் நகர்த்தி, பகடை உருட்டி, யாருக்கு எது கண்ணில் படுமோ அதை மட்டும் காட்டுவார். அப்போது பிரஷ்ய ராணுவத் தலைமையகத்தின் தலைவராக இருந்த மியூஃப்லிங் இதைப் பார்த்துப் படை முழுவதும் பயில வேண்டும் என்று பரிந்துரைத்தார். வாட்டர்லூவில் வெலிங்டனுடன் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர். செய்தி தாமதமாக வந்தால் போர் என்னாகும் என்பதை நேரில் கண்டவர்.

1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி இன்னொரு பக்கம் போனார். அட்டவணையும் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். ஆக நடுவருக்கு இரண்டு வேலை: கணக்குப் பார்ப்பது ஒன்று, "இது நடக்கக்கூடியதா" என்று தீர்ப்பது இன்னொன்று. கணினி வந்தபோது முதல் வேலையை முழுதாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலை யாரிடமும் போகவில்லை. அதை ஆடும் இருவரும்தான் செய்தாக வேண்டும்; ஆட்டம் சூடு பிடித்த பிறகு செய்ய முடியாது என்பதால் முன்னாலேயே செய்ய வேண்டும். என் 90 குதிரைகளின் கதை இந்த இடைவெளியில்தான் நடந்தது.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் ஒரு மரபைச் சேர்ந்த ஆட்டங்களைப் பற்றி. ஜான் டில்லர் உருவாக்கி 1996இல் டேலன்சாஃப்ட் வெளியிட்ட 'பேட்டில்கிரவுண்ட் வாட்டர்லூ'விலிருந்து அது தொடங்குகிறது. பிறகு எச்பிஎஸ் வெளியிட்ட போர்ப்பயணத் தொடர்கள் வந்தன. டில்லர் 2021இல் காலமானார். இன்று வார்கேம் டிசைன் ஸ்டூடியோ அந்த மரபைத் தொடர்கிறது. தரை முழுவதும் அறுகோணக் கட்டம், கட்டத்துக்கு 100 மீட்டர், வாட்டர்லூவில் சுற்றுக்கு 15 நிமிடம். பட்டாலியன் பட்டாலியனாக நகர்த்தி, கோப்பை மின்னஞ்சலில் எதிராளிக்கு அனுப்ப வேண்டும். ஒரு ஆட்டம் மாதக்கணக்கில் ஓடும். இத்தனை மாத உழைப்பு பாதியில் வீணாகும்போது வருகிற வேதனை ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் பேச வேண்டியது சுற்றின் அமைப்பு. பழைய முறையில் ஒரு சுற்று பல படிகளாகப் பிரியும். நான் நகர்த்துவேன், கோப்பு எதிராளிக்குப் போகும், அவர் தற்காப்பாகச் சுட்டுத் திருப்பி அனுப்புவார், பிறகு நான் சுட்டு, கைகலப்பை முடித்து, சுற்றை அவரிடம் ஒப்படைப்பேன். ஒருவர் பங்குக்கு மூன்று முறை கோப்பு பயணிக்கிறது. காலை 11.30க்குத் தொடங்கி இரவு 8.30க்கு முடியும் வாட்டர்லூவில் 36 சுற்று. இருவருக்குமாக 216 கோப்புகள். எதிராளிக்குப் பதில் கணினியே தற்காப்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் முறையில் 72 போதும். நாளுக்கு ஒரு கோப்பு என்றால் முன்னது ஏழு மாதம், பின்னது இரண்டரை மாதம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுக்கிறேன், ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

அந்த முறையில் நகர்தல், சுடுதல், கைகலப்பு எல்லாம் ஒரே படியில் எந்த வரிசையிலும் நடக்கலாம். ஒரு பட்டாலியன் மோதி எதிரி வரிசையில் ஒரு கட்டத்தைத் திறக்கிறது. உடனே, அதே 15 நிமிடத்துக்குள், பின்னால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்ற குதிரைப்படை அந்தத் துளை வழியாகப் பாய்ந்து பின்வரிசைப் பீரங்கிகளை வெட்டுகிறது. அதனால் திறந்த இடத்தில் மூன்றாவது பிரிவு நுழைந்து, இன்னும் உறுதியாக நிற்கும் பட்டாலியனை முதுகுப் பக்கம் வளைக்கிறது. எதிராளி கோப்பைத் திறக்கும்போது அவருடைய முழு அணியும் கலைந்து கிடக்கிறது. பதிலுக்கு ஒரு விரலை அசைக்கக்கூட அவருக்கு வாய்ப்பில்லை. டாங்கிகளும் வயர்லெஸும் வந்த காலத்துப் போர் இது. ஆணை குதிரையேறிப் போன காலத்தில், வரிசை உடைந்தது என்ற செய்தி பின்னால் நிற்பவனுக்குப் போய்ச் சேர்வதற்கே கால் மணி நேரம் ஆகும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது. எல்லா நகர்தலும் முதலில், அடுத்துச் சுடுதல், கைகலப்பு கடைசி. கைகலப்பால் திறந்த கட்டத்தின் வழியே அதே சுற்றில் வேறு எந்தப் படையும் கடக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காக மற்ற எல்லா விதியையும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுப்பேன்.

அடுத்தது வளைத்தழித்தல். கைகலப்பில் தோற்ற பட்டாலியன் பின்வாங்க ஒரு கட்டமும் இல்லை என்றால் ஆட்டம் அதை முழுதாக அழித்துவிடுகிறது. இது தெரிந்த ஆட்டக்காரர், வரிசை கட்டாமல் பரவி நின்று சுடும் 50 பேர் கொண்ட சிதறணிகள் இரண்டை எதிரிக்குப் பின்னால் நழுவவிட்டு, பின்வாங்கும் வழியை அடைத்துவிட்டு, முன்னாலிருந்து மோதுகிறார். 600 பேர் கொண்ட காவற்படைப் பட்டாலியன் ஒரே சுற்றில் ஆவியாகிப் போகிறது. வரலாற்றில் சூழ்ந்து பிடிப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1805 அக்டோபரில் உல்ம் நகரில் மேக்கின் ஆஸ்திரியப் படை அப்படித்தான் சரணடைந்தது. அது நாட்கணக்கில், மாவட்டம் அளவு நிலத்தில் நடந்த சூழ்ச்சி. 100 மீட்டர் கட்டத்துக்குள் 50 பேர் நின்று 600 பேரின் வழியை மறிப்பது வேறு. அந்த 600 பேரும் அவர்களை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே சிதறணி வீரர்கள் தனியாக நின்று பின்வாங்கும் வழியை அடைக்கலாகாது, முழு வரிசையில் நிற்கும் காலாட்படையோ குதிரைப்படையோ அடைக்கலாம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

குதிரைப்படையைப் பற்றிப் பேசாமல் நெப்போலியன் காலப் போரைப் பேச முடியாது. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக் கட்டிப்போடுவதுதான் அந்தக் காலத்துப் போரின் உயிர். குதிரை வந்தால் காலாட்படை சதுர வியூகமாக வேண்டும். சதுரமானால் பீரங்கிக்குக் கொழுத்த இலக்கு. சதுரத்துக்குத் தயங்கி அகல வரிசையிலேயே நின்றால் வெட்டுப்பட வேண்டியதுதான். 1815 ஜூன் 16 அன்று காட்டர் பிராவில் பிரிட்டிஷ் 69ஆம் ரெஜிமென்ட் சதுரமாக முடியாமல் பிரெஞ்சுக் கவசக் குதிரைவீரர்களிடம் சிக்கித் தன் கொடியையே இழந்தது. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில், மாலை 4 மணிக்கு மேல் மார்ஷல் நே அலையலையாக ஏவிய குதிரைப்படை ஒரு சதுரத்தையும் உடைக்க முடியாமல் களைத்துத் திரும்பியது. விதிவிலக்கும் உண்டு: 1812இல் சலமான்கா போருக்கு மறுநாள், கார்சியா எர்னாண்டஸில் ஹனோவர் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரங்களை உடைத்தார்கள். நல்ல ஆட்டம் இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் சுற்று முறை ஆட்டத்தில் குதிரை பாயும்போது எதிராளி அங்கே இல்லை. சதுரம் அமைப்பதைக் கணினியின் பகடைக்கு விடுவதா, முந்தைய சுற்றிலேயே அமைத்திருந்தால்தான் உண்டா என்பதை ஆட்டத்தில் உள்ள விருப்ப விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். பாய்ந்த குதிரைப்படை எத்தனை சுற்று ஓய வேண்டும் என்பதும் அதோடு சேரும். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் காலாட்படையை உடைத்த வேகத்திலேயே பிரெஞ்சுப் பீரங்கி வரை ஓடி, மூச்சுவாங்கி நின்றபோது ஈட்டிவீரர்களிடம் மாட்டியது. ஓய்வில்லாமல் சுற்றுக்குச் சுற்று பாயும் குதிரைப்படை அந்தக் காலத்தில் எங்கும் இருந்ததில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். தளபதிகளைத் தனியாக உளவுக்கு அனுப்பக் கூடாது. வண்டிகளை வைத்து வழியை அடைக்கக் கூடாது. காவல் இல்லாமல் பீரங்கியை முன்வரிசைக்கு உருட்டக் கூடாது. 100 பேருக்குக் குறைந்த குதிரைப்பிரிவு எதிரி வரிசைக்குப் பின்னால் போகக் கூடாது. கடைசி விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். ஒரு ஆட்டத்துக்கு 31 விதிகள் எழுதி வைத்தேன். எட்டாவது சுற்றிலேயே இருவரும் அறியாமல் மீறத் தொடங்கினோம். பிறகு யார் முதலில் மீறியது என்ற பேச்சு. அதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைத்தது. எதிராளி கோப்பைத் திறந்து என் நகர்வுகள் திரையில் ஓடுவதைப் பார்க்கும்போது, விதி காக்கப்பட்டதா என்று கண்ணாலேயே தெரிய வேண்டும். துளை வழியே இன்னொரு படை போனால் தெரியும். சிதறணி வழியை அடைத்தால் தெரியும். "நியாயமான காரணமில்லாமல் படைப்பிரிவுகளைக் கலக்கக் கூடாது" என்பது தெரியாது; காரணம் என் மனதில் இருக்கிறது. போர்மூட்டத்தால் எதிராளி கண்ணுக்கு மறைந்திருக்கும் இடத்தைப் பற்றிய விதியும் அப்படித்தான். கண்ணால் சோதிக்க முடியாத விதி சந்தேகத்தைத்தான் வளர்க்கும். இப்போது ஆட்டத்துக்கு முன் எதிராளிக்கு நான் அனுப்பும் கடிதத்தில் பதினொரு விதிகள்தான், எல்லாமே பார்த்தால் தெரிபவை.

இனி களம். படை, இடம், தொடங்கும் நேரம், துணைப்படை வரும் நேரம், வெற்றிக்கணக்கு எல்லாம் சேர்ந்த தொடக்க நிலையை ஆட்டக்காரர்கள் சினாரியோ என்கிறார்கள். இதைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் முதலில் கேட்பது, "ரெண்டு பக்கமும் சமமா?" என்றுதான். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதைவிடக் கடினமான சிக்கல், நடந்தது இருவருக்கும் தெரியும் என்பது.

1805 டிசம்பர் 2, ஆஸ்டர்லிட்ஸ். நெப்போலியன் பிராட்சன் மேட்டைத் தானாகவே காலி செய்துவிட்டு, வலது பக்கத்தை வேண்டுமென்றே மெலிவாக வைத்துக் காத்திருந்தார். ரஷ்ய, ஆஸ்திரியத் தளபதிகள் அந்தத் தூண்டிலை விழுங்கினார்கள். பெரும்படை மேட்டிலிருந்து இறங்கித் தெற்கே டெல்னிட்ஸ், சொகோல்னிட்ஸ் கிராமங்களை நோக்கிப் போனது. மூடுபனி விலகிக்கொண்டிருந்த காலை 9 மணி வாக்கில் பிரெஞ்சு மார்ஷல் சூல்ட்டின் படை ஏறி நடுவைப் பிளந்தது. வியன்னா பக்கத்திலிருந்து இரவும் பகலும் நடந்து வந்த மார்ஷல் டாவூவின் வீரர்கள் தெற்கே தாங்கிப் பிடித்தார்கள். இதைப் படிக்காத ஒருவரும் இந்த ஆட்டத்துக்கு வருவதில்லை. நேசநாட்டுத் தரப்பில் உட்காருபவர் என்ன செய்வார்? மேட்டை விட்டு அசையமாட்டார். முதல் சுற்றிலேயே ஆஸ்டர்லிட்ஸ் என்ற போர் நடக்காமலே முடிந்துவிடும்.

இதற்கு மூன்று வழி பார்த்திருக்கிறேன். படைகள் இறங்கி முடித்த பிறகு தொடங்கும் சினாரியோவை எடுப்பது முதல் வழி. பிரெஞ்சுத் தரப்புக்கு அது விருந்து. நேசநாட்டுத் தரப்பில் இருப்பவருக்குச் சேதத்தைக் குறைத்துத் தப்புவதே ஆட்டம். அதையும் ஒரு நல்ல சவாலாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கோல்ட்பாக் ஓடையைத் தாண்டினால் நேசநாட்டுக்குப் பெரும்புள்ளி என்று வைத்துத் தூண்டுவது இரண்டாவது. இது ஓரளவு வேலை செய்கிறது. மூன்றாவது வழியை நான் விரும்புகிறேன்: எல்லோரும் அறிந்த போரை விட்டுவிட்டு, அதே போர்ப்பயணத்தில் நடந்திருக்கக்கூடிய ஆனால் நடக்காத மோதலை எடுப்பது. வடிவமைப்பாளர்கள் இப்படிப்பட்ட களங்களை நிறையச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் பெற்ற போர்மேல் உள்ள மோகத்தால் நாம் அவற்றைத் தொடுவதில்லை.

வாட்டர்லூவில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பியூலோவின் பிரஷ்யப் படை மாலை 4.30 வாக்கில் பிளான்செனுவா பக்கம் தாக்கும் என்று இருவருக்கும் தெரியும். நெப்போலியன் அதை அவ்வளவு உறுதியாக அறியவில்லை; 33,000 பேரோடு மார்ஷல் க்ரூஷியைப் பிரஷ்யரின் பின்னால் அனுப்பியிருந்தார். ஆட்டத்தில் பிரெஞ்சுத் தரப்போ காலையிலேயே ஒரு கோர் (பெரும் படைப்பிரிவு) முழுவதையும் கிழக்கே திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. பிரஷ்யர் எந்தச் சுற்றில் வருவார்கள் என்பதைப் பகடைக்கு விட்டால் மட்டுமே அந்த நாளின் பதற்றம் திரும்புகிறது. ஆட்டத்திலேயே இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று குறிக்க வழி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

வெற்றி எது என்பதைப் பற்றிப் பேசாமல் தொடங்குவது நான் பார்த்த தவறுகளிலேயே பரவலானது. 1812 செப்டம்பர் 7, போரோடினோ. இரு தரப்பிலுமாக 70,000 பேருக்கு மேல் விழுந்தார்கள். மாலையில் களம் பிரெஞ்சுக் கையில். ஒரு வாரத்தில் மாஸ்கோவும் அவர்கள் கையில். ஆனால் ரஷ்யத் தளபதி குதூசவின் படை உடையவில்லை, நெப்போலியன் தன் காவற்படையை ஏவவில்லை. யார் வென்றார்கள்? ஆட்டத்தில் கொடியிட்ட கட்டங்களுக்குப் புள்ளி, விழுந்த வீரர்களுக்குப் புள்ளி. பிரெஞ்சுத் தரப்பு நண்பகலிலேயே காவற்படையைத் தூக்கி வீசிக் கட்டங்களைப் பிடிக்கிறது. பாரிஸிலிருந்து இத்தனை தூரத்தில், இனி ஈடுசெய்யவே முடியாத படை அது என்ற கவலை ஆட்டக்காரருக்கு இல்லை. அவருக்கு நாளை என்பதே இல்லை. கடைசிச் சுற்றில் எஞ்சியிருக்கும் எல்லாரையும் கொடிக் கட்டங்களை நோக்கி ஓடவிடும் வழக்கமும் இதனால்தான். காவற்படை வீரர் ஒருவர் விழுந்தால் மூன்று மடங்கு புள்ளி, ஆட்டம் முடியும் சுற்று முன்கூட்டியே தெரியாது, கைவிட்டுப் போன கட்டத்தை மீட்டால் இரண்டு சுற்று வைத்திருந்தால்தான் கணக்கு. இந்த மூன்றையும் பேசிவைத்துக்கொண்டு ஆடிய போரோடினோ ஆட்டத்தில்தான் என் எதிராளி காவற்படையைக் கடைசி வரை ஏவாமல் வைத்திருந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி வெற்றியால் வந்ததல்ல, நான் தோற்றேன்.

சமமில்லாத களங்களை ஒதுக்க வேண்டாம் என்று சொல்ல இதுவே இடம். 1806 அக்டோபர் 14, அவுர்ஸ்டெட். டாவூவிடம் ஏறத்தாழ 27,000 பேர். எதிரே அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரஷ்யர். அவர் நின்று வென்றார், ஏறத்தாழ 7,000 பேரை இழந்து. தேர்ந்த ஆட்டக்காரர் டாவூவாக உட்கார்ந்து, புதியவர் பிரஷ்யராக உட்கார்ந்தால் இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. இருவரும் ஒரே தரமென்றால் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, டாவூவாக யார் அதிகம் தாங்கினார் என்று பார்க்கலாம். சமநிலைக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. நேரம் இரட்டிப்பாகும் என்பதால் சிறிய களமாக எடுக்க வேண்டும். வாவ்ர் போர் இதற்குப் பொருத்தம்: டீல் ஆறு, சில பாலங்கள், ஒரு பக்கம் க்ரூஷி, மறு பக்கம் 17,000 பேரோடு பிரஷ்யத் தளபதி டீல்மன். நான்கு நாள் நடந்த, இரு பக்கமும் சேர்ந்து 5 லட்சம் பேருக்கு மேல் மோதிய லைப்சிக்கை இருவர் ஆடத் தொடங்கி முடித்து நான் பார்த்ததில்லை. அது குழுவாக ஆட வேண்டியது.

படைத்தரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் வடிவமைப்பாளர் ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறார். அது எங்கிருந்து வந்தது? வாட்டர்லூவைப் பொறுத்தவரை நெடுங்காலம் ஆங்கிலத் தரப்பு எழுத்திலிருந்து. வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி போரில் பிழைத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதிக் கேட்டு, மாலை 7 மணி வாக்கில் களம் இருந்த நிலையை 70,000க்கும் மேற்பட்ட சிறு உலோக உருவங்களோடு மாதிரியாகச் செய்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். இன்று அது அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யரை எங்கே நிறுத்துவது என்பதில் வெலிங்டனுக்கே அவர்மேல் மனக்குறை. நேரில் நின்றவர்களாலேயே ஒரு மணி நேரத்தின் நிலையில் உடன்பட முடியவில்லை என்பதை நினைக்கும்போது, திரையில் பளிச்சென்று தெரியும் கட்டங்களை நம்பும் நம் வேகம் குறைய வேண்டும். சைபோர்னின் நூலில் நெதர்லாந்துப் படை கோழைகளாக வருகிறது. அந்தப் படையைச் சேர்ந்த பைலான்ட்டின் பிரிகேட் பின்வாங்கியது உண்மை. இரண்டு நாள் முன்பு காட்டர் பிராவில் அது அடிபட்டதும் உண்மை. வெலிங்டன் படையை நிவெல் நகரில் குவிக்கச் சொல்லியிருந்தபோது, காட்டர் பிரா சாலைச்சந்தியை விடாமல் பிடித்து நின்றவர்கள் நெதர்லாந்து அதிகாரிகளே. படைத்தரம் பேச்சில் எங்கள் பக்கத்து நினைவு ஒன்றும் உண்டு: வாட்டர்லூவில் ஹால்கெட்டின் பிரிகேடில் நின்ற 33ஆம் ரெஜிமென்ட், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் வெல்லெஸ்லியோடு (பின்னாளில் வெலிங்டன்) இருந்த அதே ரெஜிமென்ட். ஆட்டத்தில் அதற்கு என்ன மதிப்பெண் என்று நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். மதிப்பெண்ணை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால் முடிவே இருக்காது. அது ஒருவருடைய கணிப்பு என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு தொடங்கினால் போதும்.

நிகழ்நேர ஆட்டங்களில், 2010இல் வந்த 'நெப்போலியன்: டோட்டல் வார்', 2015இல் வந்த 'ஸ்கர்ஜ் ஆஃப் வார்: வாட்டர்லூ' போன்றவற்றில், பேச வேண்டியது வேறு: படை வாங்கும் தொகை, நேர வேகம், இடைநிறுத்தம் உண்டா என்பவை. ஒரு மாலைக்குள் முடிந்துவிடுவதால் அங்கே மனக்கசப்பும் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

மின்னஞ்சல் ஆட்டத்தில் இன்னொரு சோதனை. பகடை சாதகமாக விழவில்லையென்றால் கோப்பைச் சேமிக்காமல் மூடி மறுபடியும் திறக்கலாம். இதைத் தடுக்க விதி எழுதிப் பயனில்லை. நான் சொன்ன அளவுகோலில் அது நிற்காது. இது நம்பிக்கை. மின்சாரம் போய்க் கணினி நின்றுவிட்டால் அந்த நிமிடமே எதிராளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் பேசி வைத்துக்கொள்கிறோம். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு முறையும் சொன்னேன், இரண்டு முறையும் "திரும்ப ஆடுங்க சார்" என்றுதான் பதில் வந்தது. வாரத்துக்கு எத்தனை கோப்பு, ஊருக்குப் போனால் எத்தனை நாள் பொறுப்பது, தோற்பது உறுதியானால் எப்போது ஒப்புக்கொள்வது ஆகியவற்றையும் இதோடு பேசிவிட வேண்டும்.

கோயம்புத்தூர் நண்பரும் நானும் இப்போது மறுபடியும் ஆடுகிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேசினோம். காட்டர் பிரா, பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 வரை, 28 சுற்று, பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம். 90 குதிரைக் கதை வந்தது. விதியை அவரே வாசித்துக் காட்டினார், எண்ணிக்கையை 100லிருந்து 150ஆக உயர்த்தலாம் என்றார். மீதி இருந்தது டெர்லோன். அன்று 20,000 பேரோடு அவர் நேயின் போருக்கும் நெப்போலியனின் லிக்னி போருக்கும் நடுவே ஆணை மாறி மாறி நடந்து, இரண்டிலும் சேராமல் பொழுதைக் கழித்தார். அவர் வருவார் என்று தெரிந்தால் பிரெஞ்சுத் தரப்பு துணிந்து ஏறும்; வரமாட்டார் என்று தெரிந்தால் ஆங்கிலத் தரப்பு நிம்மதியாக மூச்சு விடும். இரண்டும் கூடாது.

வீட்டில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. ஒற்றைக் கட்டையை ஒருமுறை உருட்டுவது, உருட்டுபவர் என் அக்கா என்று ஏற்பாடு. ஒன்று விழுந்தால் மாலை 5 மணிச் சுற்றில் டெர்லோன் நேயிடம் வந்து சேர்வார். இரண்டு விழுந்தால் 7 மணிக்கு. மூன்று விழுந்தால் வரைபடத்தின் ஓரத்தில் வந்து நிற்பார், ஆனால் அசையக் கூடாது. வெறும் முகம் விழுந்தால் வரவே மாட்டார். ஆளுக்கு ஒரு ஆட்டம் என்பதால் அக்கா இரண்டு முறை உருட்டினார், இரண்டையும் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நோட்டைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். முதல் ஆட்டத்தில் இப்போது மாலை 4.15. நண்பரின் குதிரைப்படை போசு காட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னும் மூன்று சுற்றில் அக்காவிடம் கேட்க வேண்டும்.